மராத்தான் ஓடி நாய் காப்பகத்துக்கு பணம் சேக்கணுமா? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் ரெண்டு தடவ ஃபுல் மராத்தான் ஓடி, நம்ம திருநெல்வேலி பக்கத்துல தெருநாய்களுக்கு வைத்தியம் பாக்குற ஒரு சின்ன காப்பகத்துக்கு பணம் சேத்து குடுத்துருக்கேன். அதச் சொன்னதுல இருந்து நெறைய பேர் கேள்வி அனுப்பிட்டாங்க, இன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லுதேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, காலேஜ் பொண்ணு): அண்ணாச்சி, 3 கிலோமீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குது. ஜனவரில சென்னை மராத்தான் ஓட முடியுமா?

ஓடலாம்மா, ஆனா மொத வருசம் 10 கிலோமீட்டர் ஓடு. ஃபுல்லுன்னா 42.195 கிலோமீட்டர், நம்ம ஜங்ஷன்ல இருந்து சேரன்மாதேவி போயி திரும்பி வார தூரத்துக்கு பக்கம்னு நெனச்சுக்கோ. அதுக்கு ஏற்கனவே நல்லா ஓடிப் பழகினவங்களே 16, 18 வாரம் ட்ரெயினிங் எடுக்காங்க. இப்பம் நீ செய்ய வேண்டியது பையப் பைய ஓடுறதுதான், பக்கத்துல வாரவங்கட்ட பேசிக்கிட்டே ஓட முடியுற வேகம் போதும், மூச்சு முட்டுச்சுன்னா நட, திரும்ப ஓடு. அண்ணா ஸ்டேடியத்துல காலைல 5 மணிக்கு வந்தா ஆள் இருப்பாங்க, பயமில்ல. நீ 10 ஓடினியா 42 ஓடினியான்னு பணம் குடுக்கவங்க பாக்க மாட்டாங்க, எதுக்கு ஓடுதன்னுதான் கேப்பாங்க.

கேள்வி (மேலப்பாளையம், கடை வச்சிருக்கவர்): மனுசனுக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கு, நாய்க்கு எதுக்கு அண்ணாச்சி? எங்க தெருவுல பிள்ளைகள வெளிய விடவே பயமா இருக்கு.

உங்க பயம் நியாயம், எனக்கும் பிள்ளைக இருக்கு. நான் ஆரம்பிச்சது 2023 டிசம்பர் வெள்ளத்துல. 18ஆம் தேதி சிந்துபூந்துறை பக்கம் தண்ணி ஏறி நிக்கும்போது ஒரு செவல நாய் காம்பவுண்டு சுவத்து மேல நாலு காலையும் ஒரே எடத்துல ஒடுக்கி வச்சிக்கிட்டு நின்னுச்சு, குலைக்கக்கூட இல்ல, உடம்பெல்லாம் நடுங்குது. மறுநாள் தண்ணி வடிஞ்ச பொறவும் எறங்க பயந்து அங்கயே நிக்கு. காப்பகத்து பையன் ஒருத்தன் பிஸ்கட்ட காட்டி காட்டி ஒரு மணி நேரமா எறக்கினான். அன்னைக்குத்தான் இவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சு.

ஆனா நீங்க கேட்டதுக்கு பதில் அது இல்ல. உங்க தெரு பிள்ளைகளுக்கும் இந்த பணம்தான் உதவுது. ஒரு ஊர்ல உள்ள நாய்ல 70 சதவீதத்துக்கு தடுப்பூசி போட்டா ரேபிஸ் பரவுறது நின்னு போகும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாய பிடிச்சு கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச எடத்துலயே விடணும்ங்கிறதுதான் 2023 விதி (ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி எடத்துல பிடிச்சத அங்க திரும்ப விடக்கூடாதுன்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு). பிடிச்சுட்டுப் போயி எங்கயாவது விட்டா அந்த எடத்துக்கு ஊசி போடாத வேற நாய் வந்து சேரும், அம்புட்டுதான். நாய் 63 நாள் செனைல குட்டி போடும், கருத்தடை பண்ணாம விட்டா எண்ணிக்கை ஏறிட்டேதான் இருக்கும். சேத்த பணத்துல பெரும்பங்கு கருத்தடைக்கும் ஊசிக்கும் போகணும்னு நான் காப்பகத்துட்ட கண்டிப்பா சொல்லித்தான் குடுக்கேன்.

கேள்வி (வண்ணார்பேட்டை, பேங்குல வேலை): பணத்த நம்ம ஜிபேல வாங்கி மொத்தமா குடுத்தா போதுமா?

கூடவே கூடாது சார். மொத தடவ நான் அந்த தப்பத்தான் பண்ணினேன். சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் என் நம்பருக்கு போட்டுட்டாங்க, அதுல எங்க வீட்டு பால் கணக்கு, கரண்டு பில்லு எல்லாம் கலந்து, யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு பிரிச்சு எடுக்க ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, ஒருத்தர் கணக்கு கேட்டதும் மொகம் சுருங்கிப் போச்சு. இப்பம் காப்பகத்தோட க்யூஆர் கோட மட்டும்தான் அனுப்புதேன், பணம் நேரா ட்ரஸ்ட் அக்கவுண்டுக்கு போயிரும், ரசீதும் அவங்களே குடுத்துருவாங்க.

வரி விலக்கு கேக்குறவங்க இருந்தா அந்த ட்ரஸ்டுக்கு 80ஜி பதிவு இருக்கான்னு மொதல்ல பாத்துக்கிடுங்க. 2,000 ரூவாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த கழிவு கெடைக்காது, புது வரி முறைல இருக்கவங்களுக்கும் கெடையாது.

கேள்வி (துபாய், சொந்த ஊர் வள்ளியூர்): நாங்க அனுப்பலாமா? வெளிநாட்டு பணம்னு பிரச்சன வருமா?

இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கீங்கன்னா உங்க சம்பளத்துல இருந்து பேங்க் வழியா தாராளமா அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடைல சேராது. வேற நாட்டு பாஸ்போர்ட் எடுத்துட்ட சொந்தக்காரங்க குடுக்கதா இருந்தா மட்டும் அந்த ட்ரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு குடுக்குறது) இருக்கணும். சின்ன காப்பகத்துக்கு பெரும்பாலும் இருக்காது, கேட்டுட்டு அனுப்ப சொல்லுங்க, பாவம் அவங்க மாட்டிக்கிடக் கூடாது.

கேள்வி (அம்பாசமுத்திரம் அக்கா): தம்பி, காசு கேக்க கூச்சமா இருக்கு. எப்படி கேக்க?

அக்கா, மொத்தமா நூறு பேருக்கு ஒரே மெசேஜ தட்டி விட்டா யாரும் குடுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரா, பேர் சொல்லி, நேர்ல கேளுங்க. "உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா கேக்காம, ஒரு நாய்க்கு கருத்தடை பண்ண என்ன செலவு, கால் ஒடிஞ்சதுக்கு கம்பி வைக்க என்ன செலவுன்னு காப்பகத்துல கேட்டு எழுதி வச்சிக்கிட்டு "இதுல பாதி நீங்க குடுங்க"ன்னு கேளுங்க. எங்க தெரு ஆச்சி ஒருத்தி முந்தில முடிஞ்சு வச்சிருந்த 50 ரூவாய அவுத்து குடுத்துட்டு, எந்த நாய்க்குன்னு எனக்கு காட்டணும்னு சொல்லிட்டா. பொறவு போட்டோவ காட்டினேன். போன கண்ணுக்கு கிட்ட வச்சு பாத்துட்டு "ஏல, காத எவன்ல வெட்டினான்?"னு ஒரே சத்தம். ஆப்ரேசன் முடிஞ்சதுக்கு அடையாளமா மயக்கத்துல இருக்கும்போதே காது நுனில லேசா வெட்டுவாங்க, திரும்ப பிடிக்காம இருக்கத்தான்னு சொன்ன பொறவுதான் அமந்தா. இப்பம் தெருவுல போற எல்லா நாய் காதையும் அவ பாக்கா.

கேள்வி (கேடிசி நகர்): காலைல ஓடும்போது நாய் வெரட்டுதே?

ஓட்டத்த உடனே நிப்பாட்டுங்க. மூஞ்சிய முறைச்சு பாக்காம, ஒரு பக்கமா திரும்பி நின்னு, பைய நடந்து தாண்டுங்க. ஓடினாத்தான் வெரட்டும். கடிச்சுட்டா, கீறல்னாலும் சரி, கொழாய தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேரா ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க, ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வச்சு கட்டாதீங்க. சொன்ன தேதிக்கு எல்லா ஊசியும் போடணும், ரெண்டு போட்டுட்டு விட்டுராதீங்க, ரேபிஸ் வந்துட்டா காப்பாத்த முடியாது.

கேள்வி (தூத்துக்குடி ரோடு, ஹாஃப் மராத்தான் முடிச்சு ஃபுல்லுக்கு பழகுறவர்): 30 கிலோமீட்டருக்கு மேல காலு நகர மாட்டேங்குது.

உடம்புல சேத்து வச்ச மாவுச்சத்து அந்த தூரத்துலதான் தீரும். அரை மணிக்கு ஒருக்க பேரிச்சம்பழமோ கருப்பட்டி துண்டோ வாயில போடுங்க, முன்னாடி நாள் ராத்திரி இட்லி போதும், பரோட்டா வேண்டாம். வெறும் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சாலும் ஆபத்து, ரத்தத்துல உப்பு எறங்கிரும், ஓஆர்எஸ் கலந்துக்கிடுங்க. தொடை இடுக்குல வாசலின் தடவ மறந்துராதீங்க.

கேள்வி (கோவில்பட்டி): எங்க சிப்பிப்பாறைய கூட்டிட்டு ஓடலாமா?

அவன் வேட்டை நாய், கொஞ்ச தூரம் பாய்ஞ்சு ஓடப் பொறந்தவன், நம்ம வெயில்ல மணிக்கணக்கா ஓட மாட்டான். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும். பயிற்சிக்கு விடியுமுன்ன ரெண்டு மூணு கிலோமீட்டர் கூட்டிட்டு போங்க, ரோட்டுல பொறங்கைய வச்சு பாத்து சுட்டுச்சுன்னா வேண்டாம். ஓட்டத்தன்னைக்கு அவன் வீட்டுல இருக்கட்டும், அவன் போட்டோவ பனியன்ல அடிச்சு போட்டுக்கிட்டு ஓடுங்க, அதப் பாத்தே நாலு பேர் வந்து கேப்பாங்க, க்யூஆர் கோட முதுகு பக்கம் பெருசா போட்டுருங்க.