தொப்பூர் இறக்கத்துல மின்சார டிரெய்லர் ரீஜென் பிடிக்கலைன்னு கேட்ட நாமக்கல் அண்ணனுக்கு

வண்டியில கோளாறு இருக்காதுங்ணா. ரீஜென்னா, இறக்கத்துல மோட்டாரே வண்டியைப் பிடிச்சு, அந்த சக்தியைக் கரண்டா பேட்டரிக்குத் திருப்பற பிரேக். தருமபுரியில 100% சார்ஜ் ஏத்தினீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் காரணம். நிறைஞ்ச பேட்டரி கரண்டை வாங்காது. ரீஜென் தானா கட் ஆகி, பாரம் முச்சூடும் ஏர் பிரேக் மேல விழும். நீங்க சொன்ன பிரேக் டிரம் காயற வாசமும் அதனாலதான்.

55 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினா சுமார் 15 யூனிட் சக்தி வெளிய வரும். அதுல பாதிக்கு மேல திரும்பப் பிடிக்கலாம், பேட்டரியில இடம் இருந்தா. அதனால 80 சதத்துல பிளக்கை எடுத்துருங்க. அதுக்கு மேல எப்படியும் மெதுவாத்தான் ஏறும்.

வேகத்தை இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாலயே குறைச்சுருங்க. நியூட்ரல் கூடவே கூடாது, ரீஜென் சுத்தமா நின்னுரும். டிரம் ஆறினப்புறம் உள்ள உராயற லைனிங் பட்டையைப் பாருங்க: கண்ணாடியாட்டம் மினுங்கினா மாத்தோணும்.