இன்சிஷன் என்பதைத் தமிழில் 'கீறல்' என்று சொல்லலாமா?

அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இன்சிஷன்' (ஆபரேஷனில் கத்தியால் திறந்த இடம்) என்று இருக்கிறது, அதைக் 'கீறல்' என்று சொன்னால் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல்லால் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, குடலிறக்கம் என்று ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த இளம் மருத்துவர் "சின்னக் கீறல்தானுங்க" என்றார். அப்பாருக்குக் கீறல் என்றால் கிளுவை வேலியில் முள் இழுத்துவிட்ட கோடு. மஞ்சள்தூளை அப்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர் அவர். கட்டுப் பிரித்த அன்று அடிவயிற்றில் விரல் நீளத்துக்குத் தையலைப் பார்த்துவிட்டு, "இதுவா கீறல்?" என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. எண்ணெய்க் கத்திரிக்காய் செய்யும்போது காம்பை விட்டுவிட்டு நான்காகக் கீறுகிறோம். காய் வாய் திறக்கும், துண்டாகாது. மசாலா உள்ளே போக வழி, அவ்வளவுதான். பொரியலுக்கானால் அரிவோம், நறுக்குவோம். அதைக் கீறுதல் என்று யாரும் சொல்வதில்லை. இன்சிஷனும் இந்தக் கத்திரிக்காய்க் கணக்குதான். லத்தீன் மூலத்தில் அதற்கு 'உள்ளே வெட்டுதல்' என்று பொருள். வெட்டி வெளியே எடுத்தால் அது எக்சிஷன், தமிழில் அறுத்தெடுத்தல். அந்தத் தாளிலேயே இன்னொன்றையும் பாருங்கள். லேப்பராட்டமி என்றால் வயிற்றைக் கீறித் திறந்தது. அப்பெண்டிசெக்டமி என்றால் குடல்வாலை அறுத்து எடுத்தது. பெயர் 'எக்டமி' என்று முடிந்தால் ஏதோ ஒன்று உடம்பை விட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

'வெட்டு' வேண்டாம். செய்தித்தாளில் அது அரிவாளோடு வரும், எங்கள் பக்கம் கிடாயோடு வரும். 'அறு' பழைய சொல், கம்பீரமான சொல். வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார். இருந்தும் அம்மாயி (அம்மாவின் அம்மா) மருத்துவமனை வாசலில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். அறுப்பு என்றால் வயலில் நெல்லுக்கு நல்லது. மனிதர்களுக்கு வரும்போது தாலியோடு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் 'அறுவை சிகிச்சை' அச்சில் எத்தனை முறை வந்தாலும் வீட்டில் 'ஆபரேஷன்' என்றே சொல்கிறோம் என்பது என் எண்ணம். கொஞ்சம் வயதானவர்கள் "கத்தி வைத்தார்கள்" என்பார்கள். சீழ்க்கட்டிக்கு மட்டும் எல்லோரும் கூச்சமில்லாமல் "கீறி விட்டார்கள்" என்கிறோம்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. கீறலின் நீளத்தை யாரும் விசாரிப்பதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை தையல்?" என்றுதான். பிரசவத்தில் குழந்தை வரும் வழி அகலக் கீறிவிட்டிருந்தாலும், "சுகப்பிரசவம்தான், தையல் போட்டிருக்கிறது" என்பதோடு பேச்சு முடியும். கத்தி வந்து போனதே தெரியாது. வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு "மூன்று ஓட்டைதான்" என்று எண்ணிக்கை மாறியிருக்கிறது. அந்த ஓட்டை ஒவ்வொன்றும் சின்னக் கீறலில்தான் தொடங்குகிறது.

ஆகவே எழுதுவதானால் 'கீறிய இடம்' என்று எழுதுங்கள். வெறும் 'கீறல்' என்றால் கார் கதவும் கிளுவை முள்ளும் நினைவுக்கு வரும். அம்மாவிடம் பேசும்போது "தையல் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே சொல்லுங்கம்மா" என்று சொல்லுங்கள். அந்தத் தாளில் அவருக்கு வேண்டியது அந்த வரிதான்.