ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

கேள்வி: நியூராலஜிஸ்ட் (மூளை, நரம்பு டாக்டர்) இருக்கும்போது நியூரோசைக்காலஜிஸ்ட் எதற்கு? அவரிடம் எப்போது போக வேண்டும்?

உங்கள் வீட்டிலும் யாருக்கோ தலையில் அடிபட்டு, "ஸ்கேன் நார்மல்" என்று அனுப்பியிருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி. அப்பா இருட்டில் வேகத்தடை தெரியாமல் வண்டியோடு விழுந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, பத்தே நாளில் குடோனுக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் போயிருக்கும், பாவு (நீளவாக்கு நூல்) தீர்ந்த தறியை அப்படியே விட்டுவிட்டு நெய்த துணியை மடிக்கப் போவார், அதையும் பாதியில் விட்டுவிட்டு டீக்கடைக்கு. ஒரு சனிக்கிழமை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை வாரக்கூலி கொடுத்தார். கேட்டால் கத்தல். "மச்சானுக்குக் கொழுப்புங்க" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோவையில் நியூராலஜிஸ்ட்தான், ஞாபகம், கவனம் எல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்கும் நியூரோசைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். மருந்து மாத்திரை எதுவும் இல்லை. இரண்டு நாளாக நாலு மணி நேரம் சோதனைகள்தான். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒரு படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு அப்புறம் பார்க்காமல் வரைவது. "ஏம்மிணி, என்னைய மறுபடி ஒண்ணாப்புல சேத்தீட்டீங்களா?" என்றார் அப்பா. அஞ்சாவது படித்தவருக்கு இது நியாயமா என்று நான் சண்டைக்கே போனேன். பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் வயது, படிப்பு வாரியாக அளவுகோல் இருக்கிறது, அதோடுதான் ஒப்பிடுவோம் என்றார்கள்.

ஞாபகம் நன்றாகவே இருந்தது. கவனமும் வேலையை வரிசைப்படுத்துவதும்தான் அடிவாங்கியிருந்தன. அந்தக் கோபமும் அடியோடு வந்ததுதானாம், கொழுப்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, முடித்ததை நோட்டில் டிக் அடிப்பது, தறிச் சத்தத்தில் கணக்குப் பார்க்காதது, இவைதான் அங்கே சொல்லிக்கொடுத்தவை. இப்போது கூலி சரியாகப் போகிறது.

நான் டாக்டர் இல்லை. 'வசதி இருக்கிறவன் பேச்சு' என்பவர்களுக்கு, நாங்களும் கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு, வலிப்புக்கான அறுவைசிகிச்சைக்கு முன், மறதி வயதாலா நோயாலா என்று குழம்பும்போதும் போகலாம். திடீரென்று வாய் கோணினால் மட்டும் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். பதிலே இல்லை. கடைசியில் நானே பெயிண்ட் வாங்கி அடித்தேன். யாரைக் கேட்டு அடித்தாய் என்று கேட்க மட்டும் மறுநாளே ஆள் வந்தது.