இரண்டாம் நாளே கைப்பிடியைத் தொட்ட பிரேக்

கேள்வி: ஐந்து நாள் மலை சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டாவது முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். போன முறை இரண்டாம் நாள் மழைச் சேற்றில் பின் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டது. முகாமில் இருந்த மெக்கானிக் எண்ணெய் ஊற்றி இறுக்கமாக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை புது பேடு போட்டதும் சக்கரம் சுழலவே இல்லை. பந்தயம் அங்கேயே முடிந்தது. பிரேக்கையே நான்கு பிஸ்டன் உள்ளதாக மாற்றச் சொல்கிறார் விற்பனையாளர். மாற்றவா?

பதில்: வேண்டாம். உங்கள் பிரேக் கெடவில்லை. பேடு தேய்ந்தது, அதற்கு எண்ணெய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

ஹைட்ராலிக் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. லீவரை அமுக்கினால் பிஸ்டன்கள் நகர்ந்து, சக்கரத்தோடு சுழலும் ரோட்டார் என்ற வட்டத் தகட்டின் மேல் இருபுறமும் பேடுகளை அழுத்தும். பேடு தேயத் தேய, பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து இடைவெளியைச் சரிக்கட்டும். அதற்கான எண்ணெய் லீவர் பக்கம் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து இறங்கும். உலர்ந்த பாதையில் இது மாதக் கணக்கில் நடக்கிற காரியம். மணல் கலந்த சேற்றில் ஒரே நாளில் நடந்து முடிந்துவிடும். தொட்டியில் ஏற்கெனவே எண்ணெய் குறைவாகவோ ஒரு காற்றுக் குமிழியோ இருந்தால் லீவர் கைப்பிடி வரை வரும்.

அந்த நேரத்தில் எண்ணெய் ஊற்றினால் லீவர் உடனே கல் மாதிரி இறுகும், பார்க்கிறவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பிஸ்டன்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே தொட்டியை முழுதாக நிரப்பிவிட்டார்கள். காலையில் தடிமனான புது பேடு வைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளினால், பின்னால் இருக்கும் எண்ணெய்க்குப் போக இடமில்லை. பிஸ்டன் பாதியில் நிற்கும், பேடு ரோட்டாரைக் கவ்விக்கொள்ளும். அன்று செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: லீவர் மேலுள்ள பிளீட் திருகை, அதாவது எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றும் திருகைத் திறந்து, துணியைச் சுற்றிப் பிடித்து, பிஸ்டனைத் தள்ளி அதிக எண்ணெயை வெளியேற்றுவது. பத்து நிமிட வேலை.

இனி இப்படி ஆனால் முதலில் லீவரை வேகமாக ஐந்தாறு முறை அமுக்குங்கள். அமுக்க அமுக்க இறுகி, அப்படியே நின்றால் பேடு தேய்ந்திருக்கிறது. எவ்வளவு அமுக்கியும் பஞ்சு மாதிரியே இருந்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. இரண்டாவது நிலையில் மட்டும்தான் எண்ணெய்ப் புட்டிக்கு வேலை. அப்போதும் பேடைக் கழற்றி, பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி, அவை வெளியே வராதபடி நடுவில் பிளீட் பிளாக் என்ற கட்டையை வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாமல் புட்டியோடு வருகிறவரிடம் பைக்கைக் கொடுக்காதீர்கள்.

பெயர்ச்சீட்டு இல்லாத புட்டி என்றால் இன்னும் மோசம். ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நெடுங்காலமாக டாட் 5.1 என்ற வேறு வகைப் பிரேக் திரவம் வைத்திருந்தது; இப்போது சில புது மாடல்களில் அதுவும் மினரல் ஆயிலுக்கு வந்திருக்கிறது. ஆகவே கம்பெனிப் பெயரை நம்பாமல் லீவரில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். அப்போதுதான் நிஜமாகவே பிரேக்கை மாற்ற வேண்டி வரும்.

பேடு விஷயத்துக்கு வருவோம். மழை வரக்கூடிய பல நாள் பந்தயத்துக்கு சின்டர்டு எனப்படும் உலோகப் பேடு போடுங்கள். சத்தம் போடும், குளிரில் முதல் பிடியில் சற்று மந்தமாக இருக்கும். ஆனால் சேற்றில், பிசினால் பிணைத்த மென்மையான ரெசின் பேடைவிட வெகுநேரம் தாங்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறவிட்டால் வம்பு. சில ரோட்டார்களில், நடுப்பகுதிக்கு அருகே, ‘ரெசின் பேடு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவை மென்மையான எஃகு. உலோகப் பேடு அவற்றை அரித்துத் தின்றுவிடும். உங்கள் பைக் விலை கூடியது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். நல்ல பிரேக் கொடுத்துவிட்டு ரோட்டாரில் மிச்சம் பிடிப்பது தயாரிப்பாளர்களின் பழைய வழக்கம். முன் சக்கரத்தில் ஒன்றும் பின் சக்கரத்தில் வேறொன்றும் இருக்கலாம். பழைய சக்கரம் வாங்கிப் போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள். அழுக்கில் எழுத்து தெரியாவிட்டால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட ரோட்டாராக இருந்தால் இரண்டு வழி: ரோட்டாரை மாற்றுவது, அல்லது ரெசின் பேடையே இரட்டிப்பாக எடுத்துப் போவது. மாற்றுவதானால் சக்கரத்தில் பிடிப்பு ஆறு போல்ட்டா, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்கா என்று பார்த்து வாங்குங்கள். மாற்றாவிட்டாலும் தடிமனை வெர்னியரில் அளந்துவிடுங்கள்: ஷிமானோ ரோட்டார் புதிதில் 1.8 மி.மீ.; 1.5 மி.மீ.க்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ஐந்து நாளுக்கு, பைக்கில் இருப்பது போக, பின்பக்கம் இரண்டு ஜோடி, முன்பக்கம் ஒரு ஜோடி. அவற்றில் பின்பக்க ஜோடி ஒன்று உங்கள் முதுகுப் பையில் இருக்க வேண்டும், முகாம் பெட்டியில் அல்ல. பல பந்தயங்களின் கட்டாயப் பொருள் பட்டியலில் விசில் இருக்கும், வெப்பப் போர்வை இருக்கும், பேடு இருக்காது. பட்டியல் போடுகிறவர்கள் சேற்றில் இறங்கி வந்ததில்லையோ என்னவோ. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் போல இருவர் அணியாக ஓட்டும் பந்தயத்தில் கூட்டாளியை விட்டு விலகிப் போகவும் முடியாது, அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அவர் பிரேக் போனால் உங்களுடையதும் போனதுதான். இருவரும் ஒரே வகை பேடு பயன்படுத்தும் பிரேக்காக இருந்தால் உதிரியைப் பங்கிடலாம். பேடு வடிவங்கள் இத்தனை இத்தனை என்று பெருகிக் கிடப்பதில் ஓட்டுகிறவருக்கு ஒரு நன்மையும் இல்லை. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று நீட்டுவதை வாங்காமல், பழைய பேடைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

உதிரிப் பேடுகளை வீட்டிலேயே பழக்கி வையுங்கள். புத்தம் புதிய பேடோடு நேரே சேற்றில் இறங்கினால் அது பிடிக்கவும் பிடிக்காது, வேகமாகத் தேயவும் செய்யும். உலர்ந்த பாதையில் மணிக்கு 20 கி.மீ. அளவுக்கு வேகம் எடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை அழுத்துங்கள். சக்கரம் பூட்டக் கூடாது. இருபது முறை. பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பத்து முறை. கழற்றி, முன், பின், இடம், வலம் என்று எழுதித் தனித்தனி உறையில் போடுங்கள். எண்ணெய்க் கை படக் கூடாது.

ஒவ்வொரு மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உரசும் பகுதி 0.5 மி.மீ. என்பது கடைசி எல்லை. பந்தயத்தில் 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய பேடு உள்ளே இருக்கையிலேயே பிளாஸ்டிக் டயர் லீவரை நடுவில் விட்டுப் பிஸ்டனைத் தள்ளுங்கள். திருப்புளியால் நேரே பிஸ்டனைக் குத்தினால் உடையும். சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அமுக்காதீர்கள். கடைசியாக, பிஸ்டன்களும் பேடுகளும் இருக்கும் காலிப்பரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்கினால் உரசல் பெரும்பாலும் போய்விடும்.

முகாமில் கிடைக்கும் கழுவும் சேவையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதிக அழுத்தத் தண்ணீரும் செயின் ஸ்பிரேயும் ஒரே கையில் இருந்தால் ரோட்டாரில் எண்ணெய் படும், எண்ணெயில் நனைந்த பேடைத் தூக்கித்தான் போட வேண்டும். கழுவ மட்டும் விடுங்கள். செயின் எண்ணெயை நீங்களே சொட்டுச் சொட்டாக விட்டு, ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

நான்கு பிஸ்டன் பிரேக் உங்கள் தேய்மானத்தைக் குறைக்காது. பிடிப்புதான் போதவில்லை என்றால், பின் ரோட்டாரை 160 மி.மீ.யிலிருந்து 180க்கு மாற்றினால் அதே விரல் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும். தேவையானது அடாப்டரும் ரோட்டாரும்தான். உங்கள் ஃபிரேம் எவ்வளவு பெரிய ரோட்டாரை அனுமதிக்கிறது என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.