அந்த 'ஒரு' என்ற சொல்

கேள்வி: எடிசன் பல்பு, பெல் டெலிபோன், மார்க்கோனி ரேடியோ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நம் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கண்டுபிடிப்பாளராவது உண்டா? (வாசகர், தொண்டி)

பதில்: உங்கள் கேள்வியில் அந்த 'ஒரு'தான் என்னை உறுத்துகிறது. பல்புக்கு ஒரு ஆள், போனுக்கு ஒரு ஆள் என்று பள்ளிக்கூடத்திலேயே நம்மைப் பழக்கிவிட்டார்கள். எடிசன் பல்பை எரியவிட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் எரியவிட்டார். பெல்லின் டெலிபோன் மனு காப்புரிமை அலுவலகத்துக்குப் போன 1876 பிப்ரவரி 14 அன்றே எலிஷா கிரேயின் மனுவும் அங்கே போய்ச் சேர்ந்தது. இதில் யாரை அந்த 'ஒரு' ஆளாக வைப்பது?

பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்குப் பகுதியைப் பார்க்காமல் நம்மில் யாரும் ராமேசுவரம் போனதில்லை. அதை யோசித்தவர் சிகாகோ எஞ்சினியர் வில்லியம் ஷெர்சர். ஆடும் நாற்காலியின் கால் மாதிரி அடிப்பக்கம் வளைந்திருக்கும். பாலம் எழும்போதே பின்னால் உருண்டு வழிவிடும். பின்பக்கம் எதிர் எடை இருப்பதால் அவ்வளவு பெரிய இரும்பை ஆட்கள் கையாலேயே இயக்கித் தூக்கினார்கள். ஷெர்சர் 1893-ல் இறந்துவிட்டார். காப்புரிமை வந்தது அதே வருடம் டிசம்பரில், அவர் போன பிறகு. 1964 புயலில் 145 கர்டர்களில் (இரும்பு உத்திரங்களில்) 126 கடலுக்குள் விழுந்தன. அந்தத் தூக்கோ அசையாமல் நின்றது. பாம்பன் ஜனங்களில் எத்தனை பேருக்கு ஷெர்சர் பேர் தெரியும்?

சரி, 'நம்' கண்டுபிடிப்புக்கு வருகிறேன். கட்டுமரம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டுவது. அலை மேலே ஏறினால் மரங்களுக்கு நடுவிலேயே வழிந்து போய்விடும், தண்ணீர் இறைக்கும் வேலையே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனத்துவிடும் அல்லவா? இத்தனையும் ஒரு ஆள் ஒரு நாளில் யோசித்ததாக இருக்க முடியாது. ஒவ்வொரு முடிச்சிலும் எத்தனையோ தலைமுறை மீனவர்களின் அனுபவம் இருக்கிறது.

இங்கே என் பழைய சண்டையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பத்திரிகைகளே 'கேட்டமரான்' என்று அச்சடிப்பதைப் பற்றி இதே பக்கத்தில் இரண்டு முறை எழுதினேன். இது மூன்றாவது. அந்தச் சொல் நம் கட்டுமரம்தான், ஆங்கிலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் அந்தப் பேரில் சொல்கிற படகு வேறு. அதற்கு இரண்டு உடல் இருக்கும்; பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணி வழியில் வந்தது. அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் 1876-ல் 'அமரிலிஸ்' என்று அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைப் பின்னுக்குத் தள்ளினார். அடுத்த வருடம் காப்புரிமையும் வாங்கினார். அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. அவர் படகை இரட்டைப் படகு என்று எழுதுவோம். கட்டுமரத்தைக் கட்டுமரம் என்றே எழுதுவோம். உதவி ஆசிரியர்களே, தயவுசெய்து.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபைபர் படகு வந்த பிறகு கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் பிள்ளைகளை மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்கு அழைத்துப் போங்கள். கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், கயிற்றைக் கொடுத்து அந்த முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறக்காமல் அவர் பேரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.