இதழில் வந்த கட்டுரையைப் பொதுவில் ஏற்றலாமா?

கேள்வி: என் ஆய்வுக் கட்டுரை சந்தா இதழ் ஒன்றில் வெளியாகியுள்ளது. அதைத் திறந்தநிலை ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றலாமா?

பதில்: பெரும்பாலும் ஏற்றலாம். எந்தப் பிரதியை ஏற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்க எண், இதழ் முத்திரையோடு பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப் சந்தா இதழ்களில் பொதுவாக அவர்கள் உரிமை. மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி, ஏற்கப்பட்ட உங்கள் சொந்த வேர்டு அல்லது லேடெக் பிரதியைத்தான் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஆகவே அந்தக் கடைசித் திருத்தக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள்! அதற்கும் 12 அல்லது 24 மாதத் தடைக்காலம் (அது முடியும்வரை பொதுவில் வைக்கக் கூடாது) இருக்கலாம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013இல் தொடங்கிய ஸெனோடோ என்ற திறந்தநிலைக் களஞ்சியத்தில் தடைக்காலம் முடியும் தேதியைக் குறித்தே ஏற்றலாம்; அதுவரை விவரங்கள் மட்டும் தெரியும், கோப்பு பூட்டியிருக்கும். இதழ்ப் பதிப்பின் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) ஸெனோடோவின் தொடர்புடைய ஆக்கங்கள் பகுதியில் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் இரண்டும் வெவ்வேறு கட்டுரைகளாகத் தோன்றி, மேற்கோள்கள் சிதறும்.

உரிமத்தை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிறர் பகிரவும் பயன்படுத்தவும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. இதழுக்கு அனுப்பும் முன்பே முன்பிரதியை, அதாவது மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதியை, ஏற்றுவதும் நல்ல வழி. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் என்ற முன்பிரதிக் களஞ்சியத்தில் அதைத்தான் செய்கிறார்கள்.