மறு: பழைய கதைகளை மட்டும் என்விடிஏ உளறுகிறது

வணக்கம் நண்பரே. உங்கள் தளத்தின் புதிய பக்கங்களை ஒழுங்காக வாசிக்கும் என்விடிஏ (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்), 2004இல் ஏற்றிய சிறுகதைகளை மட்டும் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது என்று பார்வையற்ற வாசகர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். திரைவாசிப்பானைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கதைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானவையாக இருக்கும். பாமினியில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது, அவ்வளவுதான். கண் ஏமாறும், காது ஏமாறாது.

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம். எழுத்துருவை மாற்றினால் போதும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார்; அது போதாது. உரையையே யூனிகோடு மாற்றியில், அதாவது பாமினி எழுத்துகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றும் கருவியில், போட்டெடுக்க வேண்டும். மெய்ப்பு பார்க்காமல் ஏற்றிவிடாதீர்கள். கதைக்குள் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்தக் கருவி தமிழ் எழுத்தாக்கிக் கெடுத்துவைக்கும். நான் பட்டிருக்கிறேன்!

இன்னொன்று: தளத்தின் பழைய வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) எச்டிஎம்எல் குறியின் லாங் பண்பு, அதாவது பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்லும் இடம், ஆங்கிலத்தைக் குறிக்கும் 'இஎன்' என்றே இருக்கக்கூடும். அதைத் தமிழைக் குறிக்கும் 'டிஏ' ஆக்குங்கள். இல்லாவிட்டால் யூனிகோடு ஆன பிறகும் ஆங்கிலக் குரல் தமிழோடு மல்லுக்கட்டும். முதலில் ஒரே ஒரு கதையை மாற்றி அந்த வாசகரிடமே கேட்டுப் பாருங்கள்.